நாலாவது வார்டு கேண்டிடேட் வெளுத்துப்போன கதை

செந்தேரிவிளைப் பேரூராட்சியின் நாலாவது வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள் என்ற சேதி வந்த அன்றைக்கு, அந்த வார்டில் இரண்டு தடவை கவுன்சிலராக இருந்து மூன்றாவது தடவைக்கும் போஸ்டர் அடித்து வைத்திருந்த பந்தல்கடை சுயம்புலிங்கம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தவர் மூன்று நாள் படுத்தே கிடந்து, நாலாம் நாள் எழுந்து முகம் கழுவி, சலவை வேட்டி கட்டி, தன் பெண்டாட்டி செண்பகவடிவைக் கூப்பிட்டு, "ஏட்டி, உன் ஆதாரு, வோட்டர் கார்டு எல்லாத்தையும் எடுத்து வை, நாளைக்கு நான் எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன்" என்றார்.

அந்தப் பேச்சில் எங்கேயோ ஒரு தையல் கோணலாக விழுந்திருப்பது வடிவுக்குத் தெரிந்தது. முன்னறையில் மெஷின் போட்டு ஐம்பது வீட்டுக்கு ஜாக்கெட் தைக்கிறவளுக்குக் கோணல் தெரியாமல் இருக்குமா? ஒரு சேலையைக் கண்ணால் ஒரு தரம் பார்த்துவிட்டு, கையில் சாம்பிள் துணிகூட இல்லாமல் டவுனுக்குப் பஸ் ஏறிப்போய், கடைக்காரன் அள்ளிப்போடும் நூறு பச்சைக்கு நடுவில் அதே பச்சையை எடுத்து வருகிறவள் அவள். ஆனால் பேசாமல் ஆதார் கார்டைத் தேடினாள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் பேச்சைச் சரிபார்க்கிற வேலையை அவளிடம் யாரும் கொடுத்திருக்கவில்லை.

செந்தேரிவிளையின் மண் சிவப்பு. ஆடிக் காற்று கிளம்பினால் தேரி மண் எழுந்துவந்து சுவரில் ஒட்டும், சோற்றில் விழும், கொடியில் காய்கிற துணிக்கெல்லாம் ஒரே நிறத்தில் இன்னொரு சாயம் ஏற்றிவிட்டுப் போகும். அதனால் அந்த ஊரில் வெள்ளை என்பது, அதைக் காப்பாற்றிக்கொள்ள வீட்டில் ஆள் வைத்திருக்கிற கவுன்சிலர்மாருக்கும், புருஷனை இழந்துவிட்டு அதைக் காப்பாற்றியே தீரவேண்டிய மூத்த பெண்களுக்கும் மட்டும் உரிய நிறமாக இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் மண்ணோடு சண்டை போடாத நிறங்களை உடுத்திக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்தில் வேட்புமனு வாங்க உட்கார்ந்திருந்தது பியூலா என்ற இளநிலை உதவியாளர். ஒவ்வொரு தாளையும் மூக்குக்கு அருகில் வைத்துப் படிக்கிறவள். "யாரு சார் கேண்டிடேட்?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா" என்றார் சுயம்புலிங்கம்.

"இது லேடீஸ் வார்டு சார்."

"சரி, இவ. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல சார். கேண்டிடேட்தான் உறுதிமொழி வாசிக்கணும். யாரு கேண்டிடேட்?"

சுயம்புலிங்கம் வாயைத் திறக்கப்போன நேரத்தில் அவருடைய போன் அடித்தது. ஆழ்வார்திருநகரியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போட்ட பந்தல் காற்றில் பறந்துவிட்டது என்று யாரோ அலறினார்கள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். பியூலா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். வடிவும் வாசலைப் பார்த்துக் காத்திருந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கனைத்தார்கள். அப்போது வடிவு, வேறு ஒருத்திக்காகச் சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னாள்:

"நான்தான் கேண்டிடேட்."

அவள் கட்டியிருந்தது அரக்கு பார்டர் போட்ட ராமர் பச்சைச் சேலை. அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும், சேலையின் அடிக்கரையிலிருந்து வெள்ளை கிளம்பி, அடுப்பில் வைத்த பால் பொங்கி ஏறுவதுபோல முழங்காலுக்கு ஏறி, கொசுவத்துக்குள் புகுந்து, இடுப்பைச் சுற்றி, முந்தானையின் கடைசிக் குஞ்சம் வரை போய் நின்றது. பியூலா நிமிர்ந்து பார்த்து, ஃபால்ஸ் பிரிந்து தொங்குகிறது என்று சொல்கிற குரலில், "அக்கா, உங்க சேலை வெளுத்துட்டு" என்றாள். பிறகு மனுவில் "பெறப்பட்டது" என்று முத்திரை குத்தினாள்.

அதே வார்டில் நிற்க அடுத்து வந்தவள் பொற்கிளி. வாய்பேசாதவள் இல்லை, பேச வாய்ப்பு வராதவள். அவள் புருஷனின் அண்ணன் குலசேகரன் அவளுக்கு முன்னால் நின்று, "நாங்கதான் கேண்டிடேட்" என்று சொல்லிவிட்டார். அவர் ஏற்கெனவே தலை முதல் கால்வரை வெள்ளையில் இருந்ததால் அவருக்கு ஏதாவது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காலங்காலமாக ஆண்களுக்கும் இது நடந்துகொண்டுதான் இருந்திருக்கும், முன்கூட்டியே வெள்ளை உடுத்திக்கொண்டு வருவதால் தெரியாமல் போயிருக்கும் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வடிவு வீட்டுக்கு வந்து மயில்கழுத்துச் சேலையை எடுத்துக் கட்டினாள். கொசுவம் வைத்துச் செருகி முந்தானையைத் தோளில் போடுவதற்குள் அது வெளுத்தது. வாடாமல்லியைக் கட்டினாள், வெளுத்தது. வெங்காயத்தோல் கலர் சேலையைக் கட்டினாள், அது பாதி வெளுத்ததுதானே என்று நினைத்தாள், மீதியும் வெளுத்தது. பூப்போட்ட நைட்டியில் பூவின் தையல்நூல் மட்டும் வெள்ளையாக எஞ்சிற்று. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்து, கல் உப்புக் கரைசலில் ஊறப்போடு, வினிகர் ஊற்று, டவுன் கடைக்காரன் ஏமாத்திட்டான், இப்பல்லாம் சாயம் நிக்கிறதில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சுயம்புலிங்கத்தின் அக்கா உலகம்மை மேலத்தெருவிலிருந்து வந்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உன் கூறைப்பட்டைக் கட்டும்மா, அது தாலி கட்டுனப்ப உடுத்துனது, அது மாறாது" என்றாள்.

வடிவு கூறைப்பட்டைக் கட்டினாள். குங்குமச் சிவப்பு கண்முன்னால் வடிந்து, ஜரிகை மட்டும் மிச்சம் நின்றது.

உலகம்மை தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி ஆறாவது இட்லியில் இருந்தார். அக்கா பார்த்த பார்வை புரிந்ததும் இட்லி அவர் கையிலேயே நின்றது.

அன்று முதல் தெருவுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஒரு பெண் வெள்ளை உடுத்தியிருக்கிறாள், தாலியும் பொட்டும் இருக்கின்றன, புருஷன் முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். விசாரிக்கப் போகவேண்டுமா, கூடாதா? போகாவிட்டால் நாளைக்கு ஒரு சொல் வந்துவிடும் என்று, போவது என்றே முடிவு செய்தார்கள். பிரட், ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். ஆண்கள் சுயம்புலிங்கத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரிடமே, "நல்ல மனுஷன், யாரு நினைச்சா" என்று தணிந்த குரலில் சொன்னார்கள். பெண்கள் வடிவின் தோளைப் பிடித்துக்கொண்டு வழக்கப்படி கொஞ்சம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, "அண்ணாச்சிக்குச் சீனி போடாத காப்பியா?" என்று கேட்டார்கள். சுயம்புலிங்கம் வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு, "ஆமா, திடீர்னு நடந்துபோச்சு" என்று தன்னை அறியாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் டவுனுக்குப் போய் ஈசிஜி எடுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் அதில் ஒன்றுமில்லை என்று சொன்னது அவருடைய பயத்தை இரட்டிப்பாக்கியது. ஒன்றுமில்லாத ஆளுக்குத்தான் திடீரென்று வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

இதற்கிடையில் நிறங்கள் சும்மா போய்விடவில்லை. போவதற்கு அவற்றுக்கும் ஒரு இடம் வேண்டுமே. சுயம்புலிங்கம் காலையில் பீரோவைத் திறந்தால், மடித்து வைத்த எட்டு முழ வெள்ளை வேட்டி ராமர் பச்சையில், அரக்கு பார்டரோடு இருந்தது. அடுத்தது மயில்கழுத்து. அடுத்தது வாடாமல்லி, அதில் மாங்காய் டிசைன்கூட இருந்தது. நைட்டியின் பூவெல்லாம் அவருடைய கதர்ச் சட்டையின் முதுகில் பூத்திருந்தன. கடையில் புதிதாக வாங்கிய வேட்டியும் வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தங்கினால் கிளிப்பச்சையாயிற்று. வேறு வழியில்லாமல் அவர் அதையே கட்டிக்கொண்டு கிளம்பினார். டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. "அண்ணாச்சிக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்கு" என்றார்கள். அவர் உட்கார்ந்து, சிரித்தால் தேவலாம்போல இருக்கிறதே என்று டீயை ஊதினார்.

அந்த வாரம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. அவளுக்கு ஜாக்கெட் தைத்தது வடிவுதான். ஏழாம் மாசத்து உடம்புக்குப் பிடிக்காமல் உறுத்தாமல், பிரசவத்துக்குப் பிறகு பிரித்துச் சிறிதாக்கிக்கொள்ளத் துணி விட்டு, மூன்று தரம் அளவெடுத்துத் தைத்தாள். பெண்ணின் தாயார் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு, "வடிவக்கா, தப்பா எடுத்துக்காதீக, நாளைக்கு நீங்க வந்தீகன்னா... நாலு பேரு நாலு சொல்லுவாக" என்றாள். வடிவு தலையாட்டினாள். மறுநாள் எதிர்வீட்டில் வளையல் குலுங்குகிற சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. இவள் மெஷினை மிதித்தாள். துணி எதுவும் வைக்காமல் வெறும் ஊசி ஓடிக்கொண்டிருந்ததை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாள். தாலி கழுத்தில் இருக்கிறபோதே இப்படி என்றால், அது இல்லாதவர்கள் இத்தனை வருஷமாக எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று அவள் முதல் தடவையாக யோசித்தாள். தன் கையால் அவர்களுக்குத் தைத்த வெள்ளை ஜாக்கெட்டுகள் எத்தனை என்றும் யோசித்தாள்.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் வந்தது. மூன்று மணிவரை நேரம். சுயம்புலிங்கம் பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டு, வாடாமல்லி வேட்டியில், உலகம்மையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். மணி இரண்டரை.

"ஒரு கையெழுத்துப் போடு. ஆபீஸுக்குப் போய்க் குடுத்துட்டு வந்துருவோம். இந்த வெள்ளையும் போயிரும்."

"போடும்மா" என்றாள் உலகம்மை. "பதவியா பெரிசு? தாலிதானே பெரிசு."

வடிவு பதினெட்டு வருஷமாகச் சொல்லிவருகிற, "நீங்க சொன்னாச் சரி மைனி" என்ற பதிலைச் சொல்வதற்காக வாயைத் திறந்தாள். "எனக்கு நிக்கணும்னு ஆசையா இருக்கு" என்று வந்தது.

அவளே திடுக்கிட்டாள். சும்மா சொன்னேன் என்று சொல்லப்பார்த்தாள். "ரொம்ப ஆசையா இருக்கு" என்று வந்தது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நட்ட பந்தக்கால் திடீரென்று இருமியதுபோலச் சுயம்புலிங்கம் அவளைப் பார்த்தார். "அப்ப நான் செத்தாப் பரவாயில்ல, அப்படித்தானே?"

வடிவு உதட்டைக் கடித்துப் பார்த்தாள். பல்லுக்கு நடுவிலும் பதில் வந்தது. "பரவாயில்லாம எப்படி? அழுவேன். ரொம்ப நாளைக்கு அழ மாட்டேன்னுதான் நினைக்கேன், கார்த்திகை மாசம் தையல் நெறைய வரும்லா. ஆனா அழுவேன். உங்க உசுரு எனக்கு என்னத்துக்குங்க? உங்க நாற்காலிதான் வேணும்."

உலகம்மை தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுயம்புலிங்கம் பேனாவைத் திறந்தார். வடிவின் கையெழுத்து அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கேஸ் புத்தகத்திலிருந்து பள்ளிக்கூட விண்ணப்பம் வரை அவர்தான் போட்டிருக்கிறார். பேனாமுனை தாளுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

"ஏட்டி, உனக்கு இப்ப பொய் வர மாட்டங்குதா?"

"வரல. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

"அப்ப அழுவேன்னு சொன்னது?"

"அதும் நெசந்தான்."

அவர் பேனாவை மூடினார். வெகுநேரம் தன் வேட்டியின் மாங்காய் டிசைனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையில் யாரும், ஓட்டுக் கேட்டபோதோ பந்தல் வாடகைக்குக் கேட்டபோதோ, சத்தியமான ஒரு நல்ல வார்த்தை அவரிடம் சொன்னதில்லை. இது கொஞ்சம்தான், கார்த்திகை மாசம் வரைக்கும்தான், ஆனாலும் கலப்படம் இல்லாதது. மூன்று மணி அடித்ததை மூவருமே கேட்டார்கள்.

குலசேகரன் சும்மா இருக்கவில்லை. நாலாவது வார்டு வேட்பாளர் செண்பகவடிவு, கணவர் உயிரோடு இருக்கும்போதே விதவைக் கோலம் பூண்டு அனுதாப ஓட்டுத் திரட்டுகிறார், இது நடத்தை விதிகளுக்கு முரணானது என்று புகார் மனு கொடுத்தார். செயல் அலுவலர் விசாரணைக்கு நாள் குறித்து, கணவர் உயிரோடு இருப்பதற்கான சான்றுடன் வரவும் என்று தாக்கீது அனுப்பினார். சுயம்புலிங்கம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நின்றார். அவர் இவரைச் சுற்றி வந்து பார்த்து, "என்ன காரணத்துக்காக உயிரோட இருக்கீகன்னு பாரத்துல ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுத?" என்று கேட்டார். "தேர்தல்" என்று எழுதச் சொன்னார் சுயம்புலிங்கம்.

செயல் அலுவலர், பொருள் தெரியாத எந்தச் சொல்லின் மேலும் கையெழுத்துப் போடாத மனிதர். வடிவை நிறுத்திக் கேட்டார்.

"உங்க கணவர் இருக்காரா?"

"இருக்காக. வெளிய டீ குடிக்காக."

"பின்ன ஏம்மா வெள்ளை?"

"தெரியல சார். நான்தான் கேண்டிடேட்னு சொன்னேன். அதுலருந்து இப்படித்தான்."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"வேட்பாளர்" என்றார்கள் எல்லாரும்.

"அது நாம வச்ச பேரு. அந்தச் சொல்லுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டேன்."

பியூலா பதிவறைக்குள் போய், கரையான் ஓரத்தைத் தின்று முடித்திருந்த ஒரு தடித்த ஆங்கில அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூக்கை வைத்துத் தேடி, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். "லத்தீன்ல கேண்டிடாட்டுஸ்னு இருந்திருக்கு சார். அப்படின்னா வெள்ளை உடுத்துனவன். அந்தக் காலத்து ரோமாபுரில பதவிக்கு நிக்கிறவங்க, தங்களோட துணில சுண்ணாம்புப் பொடியைத் தேய்ச்சு, பளிச்சுனு வெள்ளையா ஆக்கிக்கிட்டுத்தான் ஜனங்களைப் பாக்கப் போவாங்களாம். அந்த வெள்ளையிலருந்துதான் இந்தப் பேரே வந்திருக்கு."

பியூலா விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

"கேண்டிட்னு ஒரு சொல்லு பக்கத்துலயே இருக்கு சார். அதுவும் முதல்ல வெள்ளைதான். பிறகு களங்கமில்லாததுன்னு ஆகி, கடைசில மனசுல உள்ளதை மறைக்காம பேசுறதுன்னு ஆகியிருக்கு."

சுயம்புலிங்கம் வாசலிலிருந்து, "அதும் வந்துட்டும்மா" என்றார்.

"இன்னும் ஏதாவது இருக்கா அதுல?" என்று குலசேகரன் எரிச்சலோடு கேட்டார்.

"மெழுகுவர்த்தி இருக்கு சார். கேண்டில். எல்லாத்துக்கும் ஒரே வேர்தான், ஒளிவிடுறதுன்னு அர்த்தம். நம்ம சந்திரன்கூட அவங்களுக்குச் சொந்தமாம்."

எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள். அவள் என்ன செய்வாள், தரையைப் பார்த்தாள்.

செயல் அலுவலர் உத்தரவு எழுதினார். கேண்டிடேட் என்பவர் வெள்ளை உடுத்தியவர் என்று அகராதியே கூறுவதால், செண்பகவடிவு தான் சொன்ன சொல்லுக்கு உட்பட்டே நடந்துகொண்டிருக்கிறார். அவர் மீதான புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது. கலர் சேலையில் நிற்கும் மற்ற வேட்பாளர்தான் விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டவர். அந்தத் தாளைத் தெருத்தெருவாக ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினார்கள். அதன் பிறகு வடிவின் வெள்ளை, அரசாங்க முத்திரை பெற்ற வெள்ளையாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி ஒரு தட்டில் வளையலும் மஞ்சளும் கொண்டுவந்து நீட்டி, "ஆர்டர் வந்துட்டுல்லக்கா, இனி ஒண்ணுமில்ல" என்றாள். "அன்னைக்கு எனக்கு வலிச்சுது" என்றாள் வடிவு. சொல்லிவிட்டு, வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இஸ்திரிப் பெட்டி சின்னம் கிடைத்தது. ஓட்டுக் கேட்கப் போனார்கள். சுயம்புலிங்கம் வீட்டிலேயே ஒத்திகை பார்த்து, "ஆறு மாசத்துல குடிதண்ணி, ஒரு வருஷத்துல தார் ரோடு" என்று சொல்லிக்கொடுத்திருந்தார். முதல் வீட்டு வாசலில் வடிவு கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆறு மாசத்துல தண்ணி வராது. மோட்டார் காயில் எரிஞ்சு மூணு வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரவுகதான் அப்ப கவுன்சிலரு, அதைப் பத்தி வாயே திறக்கல. நான் வந்தா முதல்ல மோட்டாரைக் கழட்டிப் பாக்கச் சொல்லுவேன். அது ஓடுமான்னு எனக்குத் தெரியாது."

பக்கத்தில் கிளிப்பச்சை வேட்டியில் நின்றிருந்த சுயம்புலிங்கம், "ஆமா, நான் திறக்கல" என்றார். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பதற்கு அவர் வாங்கி வைத்திருந்த எவர்சில்வர் குடங்களை இரண்டாவது தெருவில் இறக்கியபோது, வடிவு ஒன்றைத் தட்டிப்பார்த்து, "தகடு ரொம்ப மெலிசு, நாலு மாசம் தாங்காது, வாங்காதீக" என்றாள். குடங்கள் திரும்ப வேனில் ஏறின. மூன்றாவது தெருவில் ஓட்டுப் பேச்சை விட்டுவிட்டு வேறு விஷயம் கேட்க ஆரம்பித்தார்கள். இந்தச் சேலை எனக்கு நல்லாருக்கா? இல்லை. என் மருமக சமையல் எப்படி? உங்களுதைவிட நல்லா இருக்கு. என் பையன் பாஸ் பண்ணுவானா? எனக்குத் தெரியாது. தெரிந்ததைத் தெரியும் என்றாள், தெரியாததைத் தெரியாது என்றாள். ஓட்டுக் கேட்டு வந்தவர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல் அந்தத் தெருவில் அதற்கு முன்னால் விழுந்ததே இல்லை. ஜனங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆசைப்பட்டு, அவளுக்குத் தெரியாத கேள்விகளாகத் தேடிக் கேட்டார்கள். ரெண்டு வீட்டுக்காரர்கள் பொதுச்சுவர் தகராறை அவள் முன்னால் வைத்தார்கள். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள், பின்பு ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

அகராதியில் மூன்றாவதாக இருந்த மெழுகுவர்த்தியும் வந்தது. ஒரு நாள் சாயங்காலம், ஊரில் கரண்டு போன ஏழு மணிக்கு, வடிவு பிச்சிப்பூத் தெரு முனையில் பேசிக்கொண்டிருக்கும்போது, தங்களுக்கு அவள் முகம் இன்னும் தெரிகிறது என்பதைக் கூட்டம் கவனித்தது. அதிகமில்லை, ஒரு நல்ல மெழுகுவர்த்தி அளவுக்கு அவள் வெளிச்சமாக இருந்தாள். "அக்கா, அப்படியே கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, சோறு வடிச்சிக்கிடுதேன்" என்று ஒரு குரல் வந்தது. அவள் அடுப்படிக்குள் போய் நின்றாள். அடுத்த வீட்டில் கணக்குப் பாடம் பாதியில் நின்றிருந்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். யாரோ தொலைத்த தோட்டுத் திருகாணியைத் தேட நடைபாதையில் குனிந்து நின்றாள். ஓட்டுக் கேட்கவே நேரமில்லை. பூச்சிகள் மட்டும் கொஞ்சம் தொந்தரவு செய்தன; சுயம்புலிங்கம் மாங்காய் டிசைன் ஏறிய தோள்துண்டால் அவற்றை விரட்டிக்கொண்டே பின்னால் நடந்தார்.

ஓட்டுப் பதிவன்று காலையில் பொற்கிளி, குலசேகரனின் காரிலிருந்து ஆரஞ்சு நிறப் பட்டில் இறங்கினாள். வாக்குச்சாவடி வாசலில் நின்ற போலீஸ்காரர் வழக்கம்போல, "கேண்டிடேட் யாரு?" என்று கேட்டார். குலசேகரன் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார். பொற்கிளி சுற்றிலும் பார்த்தாள். வெள்ளையில் நின்றுகொண்டிருந்த வடிவைப் பார்த்தாள். பிறகு ஒரு மூச்சு இழுத்து, "நான்தான்யா கேண்டிடேட்" என்று, பத்துப் பேருக்குக் கேட்கும்படி சொன்னாள். கீழிருந்து மேலாகப் பட்டு வெளுத்தது. காரைப் பூட்டித் திரும்பிய குலசேகரன் ஆரஞ்சு நிறத்தில் இருந்தார். வரிசையில் நின்ற பெண்கள் கொஞ்சம் நகர்ந்து பொற்கிளிக்கும் நிழலில் இடம் விட்டார்கள். அவள் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்ததும், குலசேகரன் வழக்கமான சிரிப்போடு நாலு பேர் முன்னால், "யாருக்கும்மா போட்ட?" என்று கேட்டார். அவள் கையால் வாயைப் பொத்திப் பார்த்தாள். "வடிவக்காவுக்கு" என்று விரலிடுக்கில் வந்தது.

பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் வடிவு ஜெயித்தாள். முடிவு அறிவித்த நிமிஷத்தில் அவளுக்கும் பொற்கிளிக்கும் வெளிச்சம் அணைந்தது, வெள்ளை நின்றது. உடம்பிலிருந்த சேலைகள் வெளுத்தது வெளுத்தபடி இருந்தாலும், அடுத்து எடுத்துக் கட்டியவை கட்டிய நிறத்திலேயே நின்றன. பொய்யும் திரும்பி வந்தது. சோதித்துப் பார்க்க வடிவு உலகம்மையிடம், "நீங்க இளைச்சிட்டீக மைனி" என்று சொன்னாள், தடையில்லாமல் வந்தது.

பதவிப் பிரமாணத்தன்று அவள் தாளைப் பார்த்து வாசித்து முடித்ததும், கூட்டம் கைதட்டி, "நம்ம மெம்பர்! நம்ம வார்டு மெம்பர்!" என்று கத்தியது. "ஆமா, நான்தான் மெம்பர்" என்று அவளும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். பின்வரிசையில் பியூலா சட்டென்று எழுந்து பதிவறைக்கு ஓடினாள். அகராதியைத் தூக்கிவந்து திறந்து வைத்து, மூக்கை நிமிர்த்திச் சொன்னாள்: "அக்கா, மெம்பர்னா பழைய அர்த்தம் உடம்போட உறுப்பு. கை, கால் மாதிரி."

அதற்குள் வடிவு இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீர் கோத்ததுபோல அது கனத்தது. அவள் எழுந்து நடந்தாள். கூட்டமும் என்ன ஏது என்று கேட்காமல் பின்னால் நடந்தது. வலி எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் திரும்பி, சுடலைமாடன் கோயில் தெரு வளைவுக்கு வந்து நின்றாள். அங்கே சாக்கடை அடைத்து வீட்டு வாசல்வரை ஏறியிருந்தது. ஆட்கள் இறங்கி முதல் கூடை சகதியை அள்ளிப்போட்டபோது முழங்கை லேசானது. கடைசிக் கூடையில் முழுக்கச் சரியானது. உடனே வலது குதிகால் குத்த ஆரம்பித்தது. பாலர் பள்ளி வாசலில் ரோடு குழி என்று ஒரு கிழவர் தானாகவே சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

எரிந்துபோன மோட்டார் அவளுக்கு நெஞ்சுக்குழியில் எரிந்தது. அது சரியாவதற்கு நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளும் நாலாவது வார்டு சரியாகத் தூங்கவில்லை. சுயம்புலிங்கம் டவுனுக்கும் ஆபீஸுக்கும் நடையாய் நடந்து, இரண்டு தடவை கவுன்சிலராக இருந்தபோது பார்க்காத அதிகாரிகளையெல்லாம் பார்த்து, "எம் பொண்டாட்டிக்கு நெஞ்சு எரியுது சார்" என்று சொல்லி மோட்டாரை வரவழைத்தார். தண்ணீர் வந்த அன்று அவள் இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து வார்டு ஜனங்கள் காலையில் பல் விளக்கியதும் அவள் வாசலுக்கு வந்து, சொந்தத் தாயிடம்கூடக் காட்டாத அக்கறையோடு, "மெம்பரு, இன்னைக்கு எங்க வலிக்கு?" என்று கேட்பார்கள். அவள் தோள் என்பாள், முட்டி என்பாள், சுண்டுவிரல் என்பாள். எந்த உறுப்பு எந்தத் தெரு என்பது சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடமாகியிருந்தது. கூடையும் கம்பியும் எடுத்துக்கொண்டு கலைந்து போவார்கள்.

ஒரு பங்குனி மாதக் காலையில் அவள் மெஷினிலிருந்து தலை நிமிராமல், "இன்னைக்கு எங்கயும் வலிக்கல, போங்க" என்றாள்.

ஜனங்கள் போகவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேர்தல் முடிந்துவிட்டது, இப்போது இவளுக்கு எல்லாரையும்போலப் பொய் வரும் என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. தெருத்தெருவாகப் பிரிந்து போனார்கள். சாக்கடையைக் குனிந்து பார்த்தார்கள், குழாயைத் திறந்து மூடினார்கள், கம்பத்தைத் தட்டினார்கள், தார் ரோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள். மத்தியானம்வரை தேடியதில், கம்மாய்க் கரைக்குப் போகிற வழியில், ஆள் நடமாட்டமே இல்லாத கடைசிக் கம்பத்தில் ஒரு பல்பு மட்டும் ஃப்யூஸ் போயிருந்தது. ஒருவன் ஏணி வைத்து ஏறினான்.

முன்னறையில் வடிவு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பதை நிறுத்தினாள். காலையிலிருந்து சொறிந்துகொண்டே இருந்த இடது காதுமடலில் அரிப்பு நின்றிருந்தது.

"ஏறி மாத்திட்டானுவ" என்று முணுமுணுத்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.